சும்மா இருந்த வருஷம்

உயர்நீதிமன்றத்துக்கு எதிரே
நிழல் விழாத ஒரு குடைக்கடியில்
டைப் அடிப்பவர் கேட்கிறார்:
"ப்ளஸ் டூ முடிச்சி ஒரு வருஷம் கேப்.
காரணம் இன்னான்னு போடட்டும்?"
நான் யோசிப்பதற்குள் அவர் விரல்கள்
எல்லோருக்குமான வாசகத்தில்
பாதி தூரம் ஓடிவிட்டன.

ம. வினோலியா, த/பெ மகிமைதாஸ்,
சஞ்சீவராயன்பேட்டை.
மேற்படி காலத்தில் எந்தக் கல்வி நிறுவனத்திலும் பயிலவில்லை.

சரிதான்.
தண்டையார்பேட்டை மாநகராட்சித் திடலின்
மணல்குழியை நிறுவனம் என்று யார் சொல்வார்கள்?
விடியற்காலை ஐந்தேகாலுக்கு அதில் ஒரு நாய் தூங்கும்.
அதை எழுப்பி, கொத்தி, சலித்து,
பாட்டில் சில்லு, பிளேடு,
ஒருநாள் யாரோ தொலைத்த கொலுசுத் திருகாணி,
எல்லாம் பொறுக்கி ஓரம் வைத்தபின்தான் முதல் ஓட்டம்.
காற்று மணலியிலிருந்து வந்தால்
வாயால் மூச்சு விடவேண்டும் என்று
நானே ஒரு விதி வைத்திருந்தேன்.

போன ஜூன், விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வு.
மும்முறைத் தாண்டலில் அவர்கள் கேட்டது பதினொன்று எண்பது.
நான் விழுந்தது பதினொன்று அறுபத்தெட்டு.
பன்னிரண்டு சென்டிமீட்டர்.
அம்மாவின் சீப்பு அதைவிட நீளம்.
பணம் கட்டினால் இடம் தர ஒரு கல்லூரி இருந்தது,
மைதானம் இல்லாதது.
"ஒரு வருஷம் வுட்டா அப்புறம் படிப்பு ஏறாதுடி" என்றாள் அம்மா.
ட்ரெய்லர் ஓட்டுகிற அப்பா
தட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்:
"ஹார்பர்ல கண்டெய்னரே மாசக்கணக்கா நிக்குது.
சரக்கு கெட்டா பூடுது?"
"உள்ள மீன் இருந்தா கெடும்."
அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

எந்தப் பணியிலும் ஈடுபடவில்லை.
இதை அடிக்கச் சொல்லலாமா?
எம்.சி. ரோட்டில் நைட்டி மடித்தேன், பத்து மாதம்.
கல்லாவுக்குப் பின்னால் ஒற்றைக்காலில் நின்றேன்,
கணுக்கால் தேறட்டும் என்று.
"இன்னாம்மா, கொக்கா நீ?" என்றார் சூப்பர்வைசர்.
சாயங்காலம் கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும்.
சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணுவேன்,
ஒருமுறை ஐம்பத்தெட்டு.
அந்த நேரம் பார்த்துத்தான் ஃபர்ஹானா படம் அனுப்புவாள்,
கழுத்தில் கல்லூரி அட்டையோடு, நீல நாடா.
ஒரு இதயம் அனுப்பிவிட்டு
விட்ட எண்ணிலிருந்து தொடர முடியாமல் நிற்பேன்.

தம்பி ரூபன் டேப்பைத் தொய்வாகப் பிடிப்பான்.
பாசத்தில் நாலைந்து சென்டிமீட்டர் கூடிவிடும்.
திட்டிவிட்டு, நோட்டில் குறைத்து எழுதுவேன்.

எந்தக் குற்றச்செயலிலும் ஈடுபடவில்லை.

ஒன்று உண்டு.
மாவட்டப் போட்டி, ஆறாவது வாய்ப்பு.
கால் பலகையில் பட்டதுமே தெரிந்துவிட்டது.
இரண்டாவது எட்டு எப்போதும் எனக்குச் சறுக்கும்,
அன்று அது என்னை ஏந்திக்கொண்டது.
மணலிலிருந்து எழுந்து திரும்பினால்
சிவப்புக் கொடி.
விளிம்புக் களிமண்ணில் என் பெருவிரல்,
நகக்கண் அளவு.
அதையெல்லாம் அளக்கமாட்டார்கள்.
நான் விழுந்த பள்ளத்தை ஒரு பையன்
கொட்டாவி விட்டபடி சமன்செய்தான்.
எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியும்.
ரூபனிடம்கூடச் சொன்னதில்லை.
கணக்கில் ஏறியது பதினொன்று தொண்ணூற்றொன்று.

"...வீட்டில் சும்மா இருந்தேன் என உறுதி கூறுகிறேன்."
தாளை உருவிவிட்டார்.
அந்த 'சும்மா'வை எடுத்துடலாமா சார்?
கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார்.
"அடிச்சா செல்லாதும்மா. வேற இருபது ரூபா பத்திரம் வாங்கணும்.
டைப்பிங் தனி."
எனக்குப் பின்னால் ஏழு பேர்.
ஒருவர் கையில் யாருடையதோ இறப்புச் சான்றிதழ்.

போடுகிறேன் கையெழுத்து.
கடைசி எழுத்தின் சுழி
அவர் இழுத்துவைத்த கோட்டைத் தாண்டி
வெளியே விழுகிறது.
பேனாவைத் தூக்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

"பரவால்ல," என்கிறார்,
"செல்லும்."